84 டிகிரியில் தவித்த புது கிராபிக்ஸ் கார்டும் ஒரு ஊதுபத்தியும்

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில், மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கிற பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். ராத்திரி ரிசப்ஷனில் எடுத்த 4கே வீடியோவில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் இருக்கும். அதை டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் சுத்தம் செய்து ரெண்டர் போட்டால், அதாவது முடிந்த வீடியோவாக மாற்றி எடுத்தால், பழைய 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு பாதியிலேயே மெமரி போதவில்லை என்று நின்றுவிடும். இரண்டு சீசன் அதோடு மல்லாடிவிட்டு, 2024 மார்ச்சில் என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கார்டு வாங்கினேன். மூன்று ஃபேன் வைத்த மாடல், 12 ஜிபி மெமரி, அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. எனக்கு அது பெரிய பணம். அதனால்தான் அடுத்த ஒன்றரை மாதம் அந்தக் கார்டின் வெப்பநிலையைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டேன். இந்த வெயிலில் புதுக் கார்டு வாங்கி அதே பயத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

முதல் பயம் முதல் நாளே வந்துவிட்டது. கம்ப்யூட்டரை ஆன் செய்தால் மூன்று ஃபேனும் ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிட்டன. வெப்பநிலை 52 டிகிரி, ஃபேன் வேகம் பூஜ்ஜியம். கார்டு பழுது என்றே முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் இப்போது வருகிற பெரும்பாலான கார்டுகள் அப்படித்தான். வேலை இல்லாதபோது சத்தம் வேண்டாம் என்று ஃபேனை நிறுத்திவிடும், சூடு 50-லிருந்து 60 டிகிரிக்குள் ஏதோ ஓரிடத்தைத் தாண்டினால்தான் சுற்றத் தொடங்கும். ஆகவே சும்மா இருக்கும்போது 45, 50 என்று காட்டினால் கவலையே வேண்டாம். ஒரு கேம் அல்லது ரெண்டரை ஓட விட்டு, ஃபேன்கள் எல்லாமே சுற்றுகின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டால் போதும். எனக்கு அதில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஒரு மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், இன்னொன்று 60. இரண்டையும் சேர்த்து மாட்டியிருந்ததால் சும்மா இருக்கும்போதும் மெமரி முழு வேகத்திலேயே ஓடி, வீணாக மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது. பெரிய மானிட்டரை 120-க்கு இறக்கினேன், சும்மா இருக்கும்போது காட்டிய 52 டிகிரி 45 ஆகிவிட்டது. இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் இதை முதலில் பாருங்கள்.

அப்புறம் வாசனை. முதல் முறை நன்றாகச் சூடேறியபோது புது பிளாஸ்டிக்கும் எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்தது, இரண்டு மூன்று நாளில் போய்விட்டது. அது சாதாரணம். ஆனால் வயர் கருகுகிற காரமான நெடி வந்தால் யோசிக்காமல் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். புதுக் கார்டுகளில் வருகிற 16 பின் பவர் கனெக்டரைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் அது உருகிய படங்கள் பரவின. அந்த நவம்பரில், உலகம் முழுக்கச் சுமார் 50 புகார்கள் வந்திருப்பதாகவும், கனெக்டர் முழுசாக உள்ளே போகாதது பொதுவாகக் காணப்படும் ஒரு காரணம் என்றும் என்விடியாவே சொன்னது. 4090 இழுப்பது 450 வாட், என் கார்டு 220 வாட்தான், அதனால் ஆபத்து குறைவு. இருந்தாலும் நான் பார்த்தபோது அந்த வயர் கேபினட்டின், அதாவது கம்ப்யூட்டர் பெட்டியின், பக்கவாட்டுக் கண்ணாடியில் அழுந்தி, கனெக்டர் வாயிலேயே வளைந்து நின்றது. கழற்றி மறுபடி அழுத்தி மாட்டி, இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, முதல் மூன்று நான்கு சென்டிமீட்டர் நேராக வருகிற மாதிரி விட்ட பிறகுதான் நிம்மதி வந்தது.

இதெல்லாம் சின்ன விஷயங்கள். சித்திரை பிறந்த பிறகுதான் உண்மையான பிரச்சினை தொடங்கியது.

ஒரு ராத்திரி, மறுநாள் காலை கொடுத்தாக வேண்டிய வீடியோ. ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் அறைக்குள் மாவு மில் ஓடுகிற மாதிரி சத்தம். ஃபேன் நிமிடத்துக்கு 2,300 சுற்றில் ஓடிக்கொண்டிருக்க, கார்டு 84 டிகிரி, ஹாட்ஸ்பாட் (சிப்பிலேயே அதிகச் சூடான இடம்) 97, மெமரி 98. மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டிய ரெண்டர் மூன்றே கால் மணி நேரம் ஆனது.

இந்த 84 ஏன் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து பார்த்தால் என் கார்டுக்கு வெப்ப எல்லை 84 என்று குறித்திருந்தது. அந்த எல்லையை நெருங்கினால் கார்டு தன் வேகத்தைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளும். என் கார்டில் 2,700 மெகாஹெர்ட்ஸாக இருந்தது 2,500 வரை இறங்கியிருந்தது. இந்தச் சிப்புக்கு என்விடியா சொல்லும் உச்ச வரம்பு 90 டிகிரி. அதாவது கார்டு எரிந்துவிடப் போவதில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதற்குத் தெரியும். ஆனால் முழுக் காசு கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வரவில்லை, ஃபேன் தேய்கிறது, நமக்குக் காது வலிக்கிறது. "84 எல்லாம் பரவாயில்லை, கம்பெனியே சொல்லியிருக்கு" என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். எனக்கு அது ஒப்பவில்லை, இப்போதும் ஒப்பவில்லை.

தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். ஃபேனை நூறு சதவீதத்தில் ஓட விட்டேன். சத்தம் இரட்டிப்பானது, சூடு 3 டிகிரிதான் குறைந்தது. அடுத்து, எல்லோரும் சொல்கிற சோதனை: கேபினட்டின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. மூடியைத் திறந்ததும் பத்துப் பன்னிரண்டு டிகிரி இறங்கினால் கேபினட்டுக்குள் காற்றோட்டம் போதவில்லை, இறங்காவிட்டால் கார்டிலேயே கோளாறு இருக்கலாம் என்பார்கள். என்னுடைய கேபினட் இருப்பது மேஜைக்கு அடியில். ஆசாரியிடம் அளவு சொல்லிச் செய்த பிளைவுட் மேஜை, கேபினட்டுக்கென்றே அதில் கதவு வைத்த ஒரு தனிப் பெட்டி, பின்பக்கம் வயர் போக உள்ளங்கை அளவு ஓட்டை. கேபினட்டை வெளியே இழுத்துக் கண்ணாடியைக் கழற்றி, வயர் நீளம் போதாததால் மறுபடி உள்ளேயே தள்ளி, கதவைத் திறந்து வைத்து ஓட்டினேன். 84-லிருந்து 81. மூன்றே டிகிரி. சரி, கார்டில்தான் கோளாறு, சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை அல்லது இரண்டுக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் சரியில்லை என்று தீர்மானமாக நம்பினேன்.

அடுத்த நாளே கார்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, வாங்கிய கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த டெக்னீஷியன் பொறுமையானவர். மேஜை மேல் திறந்தபடி வைத்திருந்த ஒரு மதர்போர்டில் மாட்டி, கார்டை முழு வேலை வாங்கிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளை இருபது நிமிடம் ஓட விட்டார். 61 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை. "சார், கார்டுல ஒண்ணும் இல்ல. நீங்க வெச்சிருக்கற எடத்தப் பாருங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் கடையில் ஏசி ஓடுகிறது, என் வீட்டில் இல்லை, அப்படியென்றால் உங்கள் கார்டு ஏசி அறையில் மட்டும்தான் வேலை செய்யுமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். கடைச் சுவரில் ஏசி 23 என்று காட்டிக்கொண்டிருந்தது மட்டும் மனதில் நின்றது, அதற்கு அர்த்தம் தெரியாமலேயே.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்தான். அவன் ஏசி மெக்கானிக். கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு மாடிக்கு வந்தான். ஒரு நிமிடம் மேஜைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தான். "மாமா, உள்ள போற காத்து எவ்வளவு சூடுன்னு பாத்தீங்களா?" என்றான். கார்டின் சூடு தெரியும், பிராசசரின் சூடு தெரியும், உள்ளே போகிற காற்றின் சூட்டை நான் அளந்ததே இல்லை.

அவன் பையில் நீள வயரும் நுனியில் சின்ன உலோகக் குமிழும் உள்ள ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் எப்போதும் இருக்கும், ஏசியிலிருந்து வருகிற காற்றின் குளிர்ச்சியைப் பார்ப்பதற்கு. முதலில் அறையின் நடுவில் தொங்கவிட்டோம்: 34. ரெண்டரை ஓட விட்டு, அந்தக் குமிழைக் கேபினட்டின் முன்பக்க ஜாலிக்கு இரண்டு விரல் முன்னால், காற்று உள்ளே இழுபடுகிற இடத்தில் டேப் போட்டு ஒட்டினான். எண் ஏறத் தொடங்கியது. 36, 38, 41. இருபது நிமிடம் கழித்து 45-இல் நின்றது. அறைக் காற்று 34, நான் கார்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது 45.

அப்புறம் பூஜை அறையிலிருந்து ஒரு ஊதுபத்தி வாங்கி வந்தான். அதைப் பற்றவைத்து, கேபினட்டுக்குப் பின்னால், ஃபேன் காற்றைத் தள்ளுகிற இடத்துக்கு நேராகப் பிடித்தான். புகை நேராகப் போய்ப் பின்பலகையில் மோதியது. அங்கிருந்து வெளியே போக வழியில்லாமல், கேபினட்டின் மேல் பக்கமும் இடது பக்கமும் உருண்டு, மெல்லிய திரை மாதிரி முன்னால் வந்தது. வந்த புகை அப்படியே முன்பக்க ஜாலிக்குள் இழுபட்டு உள்ளே போனது. நான் தரையில் படுத்து, மொபைல் டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தேதான் இருந்தது. இருந்தும் அந்தப் புகையில் பாதிக்கு மேல் வெளியே வரவில்லை, உள்ளேயே வட்டமடித்தது.

"அவுட்டோர் யூனிட்ட சுவத்துக்கு ஒட்டி மாட்டினா இதேதான் மாமா நடக்கும். விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். அப்ப கம்ப்ரசர மாத்தச் சொல்லி எங்களத் திட்டுவாங்க" என்றான். அவன் என்னைச் சொல்லவில்லை, தன் வேலையைத்தான் சொன்னான். ஆனால் கடையில் நான் பேசியது எனக்கு ஞாபகம் வந்தது.

அன்று ராத்திரி ஒரு நோட்டில் எழுதி வைத்த கணக்கு இது. கடையில் கார்டு 61, அங்கே அறை 23, வித்தியாசம் 38. என் மேஜைக்குள் கார்டு 84, அதற்குக் கிடைத்த காற்று 45, வித்தியாசம் 39. கார்டு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் வேலை செய்திருக்கிறது. தனக்குக் கிடைக்கிற காற்றைவிடச் சுமார் 38 டிகிரி கூடுதலாக. நான் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்த அந்த 84-இல் பாதிக்கு மேல் என் அறையும் என் மேஜையும் கொடுத்தது.

இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்: கார்டின் வெப்பநிலையை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள், அறை வெப்பத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். இணையத்தில் பார்க்கிற விமர்சனங்களில் 62, 65 என்று வரும் எண்கள் பெரும்பாலும் 20, 25 டிகிரி அறையில் எடுத்தவை. கத்திரி வெயிலில் திருச்சியிலோ வேலூரிலோ மதுரையிலோ ஏசி இல்லாத அறை அதைவிடப் பன்னிரண்டு, பதினைந்து டிகிரி கூடுதலாக இருக்கும், அது அப்படியே கார்டின் மேல் ஏறும். ஹீட்சிங்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி, அதில் இருப்பது செம்புக் குழாயும், குழாய்க்குள் ஆவியாகிக் குளிர்ந்து திரும்பும் கொஞ்சம் நீரும், அலுமினியத் தகடும், ஃபேனும்தான். சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராக அதனால் ஆக்கவே முடியாது. ஒரு தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். கூடுதல் ஃபேன் வாங்குவதற்கு முன்னால் அதை வாங்குங்கள்.

மூடியைத் திறக்கும் சோதனை என்னை ஏமாற்றியதும் இதனால்தான். மூடியைத் திறந்தேன், ஆனால் கேபினட்டையே ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு திறந்தேன். அந்தச் சோதனை செய்வதென்றால் கேபினட்டை மேஜை மேலோ அறை நடுவிலோ, நாலு பக்கமும் இடம் விட்டு வைத்துச் செய்ய வேண்டும்.

சரி, என்ன செய்தேன்? முதலில் காசு செலவில்லாதது. கேபினட்டை வெளியே எடுத்து, மேஜைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மரப் பலகை மேல் வைத்தேன், பின்பக்கச் சுவருக்கு ஒரு முழம் இடைவெளி விட்டு. 84 அன்றைக்கே 72 ஆனது. ஹாட்ஸ்பாட் 84, மெமரி 86. ஃபேன் 1,800-க்கு இறங்கியது. எவ்வளவு பெரிய மாற்றம் என்று பாருங்கள், ஒரு ரூபாய் செலவில்லை. ஒரு வாரம் கழித்து, முன்பக்கம் இருந்த ஒரே ஃபேனை எடுத்துவிட்டு இரண்டு 140 மில்லிமீட்டர் ஃபேன் போட்டேன், அதில் கிடைத்தது 2 டிகிரி. வாங்கியதற்காக வருத்தமில்லை, சத்தம் குறைந்தது. ஆனால் நான் ஃபேனிலிருந்து தொடங்கியிருந்தால் மேஜைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பத்து ஃபேன் மாட்டியிருப்பேன், அத்தனையும் அதே சூட்டைச் சுற்றிச் சுற்றித் தள்ளியிருக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் செய்து நோட்டில் எழுதியதால்தான் எது எவ்வளவு கொடுத்தது என்று தெரிந்தது. இரண்டை ஒன்றாகச் செய்தால் எதற்குப் பலன் என்றே தெரியாமல் போய்விடும்.

அடுத்தது அறை. கம்ப்யூட்டர் இழுக்கிற மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. ரெண்டர் ஓடும்போது என்னுடையது, இரண்டு மானிட்டரும் சேர்த்து, சுமார் 380 வாட். ஒரு டன் ஏசி என்றால் ஏறக்குறைய 3,500 வாட் சூட்டை வெளியே எடுத்துவிடும் திறன் என்று மைத்துனன் சொன்னான். அதில் பத்தில் ஒரு பங்கு சூட்டை என் கம்ப்யூட்டர் தனியாகவே அறைக்குள் கொட்டுகிறது. மேலே பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம், அது ராத்திரி பத்து மணி வரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். கதவை அடைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ரெண்டர் போட்டால் 34-இல் தொடங்கிய அறை 37-க்குப் போய்விடும், கார்டும் கூடவே ஏறும். சீலிங் ஃபேன் நமக்கு வியர்வையைக் காய வைத்துக் குளிர்ச்சி தரும், அறைக் காற்றின் சூட்டைக் குறைக்காது. வென்டிலேட்டரில் ஒரு 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன், எதிர்ப்பக்க ஜன்னலைக் கால்வாசி திறந்துவிட்டேன். அதன் பிறகு ராத்திரி ரெண்டரில் அறை 34, 35-ஐத் தாண்டுவதில்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் கார்டின் மின்னழுத்தத்தில் கை வைத்தேன், அதாவது அண்டர்வோல்ட். பயப்பட வேண்டாம், ஏற்றுவதுதான் ஆபத்து, இது இறக்குவது. கம்பெனிகள் எல்லாச் சிப்பும் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புகின்றன. பெரும்பாலான சிப்புகள் அதைவிடக் குறைவாகக் கொடுத்தாலும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஓடும். ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தினால் ஒரு வளைகோடு வரும். கிடைக்கோட்டில் வோல்டேஜ், செங்கோட்டில் வேகம். நான் 950 மில்லிவோல்ட் புள்ளியை 2,600 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, அதற்கு வலது பக்கம் இருப்பதையெல்லாம் அதே உயரத்தில் தட்டையாக்கிச் சேமித்தேன். கார்டு இழுப்பது 220 வாட்டிலிருந்து 168 ஆனது. அறைச் சூட்டுக்கு மேல் இருந்த 36 டிகிரி வித்தியாசமும் (70-இல் 34 போக) அதே விகிதத்தில் குறைந்து 28 ஆனது, 34 டிகிரி அறையில் 62. அதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஃபேனை 1,300 சுற்றுக்கு இறக்கி 65-இல் வைத்துக்கொண்டேன். மூன்று மணி நேர ரெண்டரில் ஏழெட்டு நிமிடம் கூடுகிறது. மேஜைக்குள் இருந்து தவித்தபோது ஆன நேரத்தைவிட அது குறைவு.

ஆனால் என் எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு சிப்பும் வேறு. ஒரு மணி நேரம் கேம் ஓட்டி, நாலைந்து ரெண்டர் போட்டுப் பார்த்து, டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) நின்றுவிழுந்தாலோ திரை கறுத்தாலோ 15, 30 மெகாஹெர்ட்ஸ் இறக்க வேண்டும். எடிட்டர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும்: முடிந்த வீடியோவை முழுசாக ஓட்டிப் பார்ப்பது. எனக்கு 2,650-இல் எதுவும் விழவில்லை, ஆனால் ஒரு தாலி கட்டும் காட்சியில் ஒரே ஒரு ஃபிரேமில் பச்சைக் கட்டம் வந்தது. நல்லவேளை, கொடுப்பதற்கு முன்னால் பார்த்தேன். நிலையாக ஓடுகிறது என்று உறுதியாகும் வரை விண்டோஸோடு தானாகத் தொடங்கும்படி அமைக்காதீர்கள். இந்த வளைகோடே வேண்டாம் என்றால் அதே மென்பொருளில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்ச அளவை, 80 சதவீதத்துக்கு இழுத்துவிடுங்கள், ஒரே இழுப்பு, பலனில் பெரும்பகுதி அதிலேயே கிடைக்கும்.

எல்லாமே இடத்தின் குற்றம் என்றும் நான் சொல்லவில்லை, கார்டிலேயே கோளாறு இருப்பதும் நடக்கிறதுதான். 2022 டிசம்பரில் வந்த ஏஎம்டி கம்பெனியின் ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகளில் சிலவற்றுக்கு ஹாட்ஸ்பாட் 110 டிகிரியைத் தொட்டது. ஹீட்சிங்கில் நீர் ஆவியாகிச் சூட்டைப் பரப்புகிற வேப்பர் சேம்பருக்குள் இருக்க வேண்டிய நீர் போதாமல் சில கார்டுகள் வந்துவிட்டன என்று 2023 ஜனவரியில் ஏஎம்டியே ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. அதனால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் எதை வைத்துக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் கார்டின் பொது வெப்பநிலைக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எனக்கு அது எப்போதும் 12, 13. பத்திலிருந்து பதினைந்துக்குள் இருந்தால் ஹீட்சிங்க் சிப்போடு நன்றாக ஒட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 25, 30 என்று விரிந்தாலோ மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனாலோ பேஸ்ட் அல்லது பொருத்தத்தில் கோளாறு. என் கார்டில் இருக்கிற ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி 110 வரை தாங்கும்படி செய்தது, 100-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் நான் கவலைப்படுவேன். ஒரு ஃபேன் சுற்றாமல் இருப்பது, திறந்த இடத்தில் வைத்தும் அறைச் சூட்டைவிட 50 டிகிரி கூடுதலாகக் காட்டுவது, லோடில் திடீரென்று அணைந்துவிடுவது, இதெல்லாம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டியவை. அறை வெப்பத்தையும் சேர்த்து எழுதி, திரையைப் படம் பிடித்து எடுத்துப் போனால் கடைக்காரரும் நின்று கேட்பார். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் ஹாட்ஸ்பாட் எண்ணைக் காட்டுவதை என்விடியா நிறுத்திவிட்டது, எனக்கு அது பெரிய குறைதான். அந்தக் கார்டு வாங்கியவர்கள் அறைச் சூட்டைவிட எவ்வளவு கூடுதல் என்பதையும் மெமரியையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வாரண்டி இருக்கும்வரை பேஸ்ட் மாற்றுகிறேன் என்று புதுக் கார்டைப் பிரிக்காதீர்கள். ஸ்குரூ மேல் ஒட்டிய ஸ்டிக்கர் கிழிந்தால் அதைக் காட்டியே கைவிரித்துவிடுவார்கள், பணம் நம்முடையது. தூசி மட்டும் நம் கையில் இருக்கிறது. முன்பக்க வலையை மாதம் ஒரு முறை கழற்றிக் கழுவி, நிழலில் நன்றாகக் காய வைத்து மாட்டுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புளோயர் அடிக்கும்போது கார்டின் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும், விட்டுவிட்டால் கண்டபடி சுழன்று பேரிங் போய்விடும்.

கடை டெக்னீஷியனுக்கு அடுத்த வாரமே போன் செய்து நடந்ததைச் சொன்னேன், அன்றைக்குக் குரலை உயர்த்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "அந்தப் பொக வீடியோ இருந்தா அனுப்புங்க சார், வர்றவங்ககிட்ட காட்டறேன்" என்றார். அனுப்பினேன்.

இந்த மே மாதம் அறை ஒரு நாள் 38 தொட்டது. கார்டு 68-இல் ஓடியது, பக்கத்து அறையில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். மைத்துனன் விட்டுப்போன தெர்மாமீட்டர் வயர் இன்னமும் முன்பக்க ஜாலியில் டேப்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேஜையின் கதவைக் கழற்றிவிட்டேன், கேபினட் இருந்த அந்த இடத்தில் இப்போது பழைய கல்யாண ஹார்டு டிஸ்குகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.